உக்காந்து சாப்பிடறாளாமா

தப்பா நெனச்சுக்காத அம்மிணி. கதவுல மாவெலைத் தோரணம் தொங்குச்சு, அதப் பாத்துத்தான் பெல்ல அடிச்சேன். கிட்ட வந்தப்பறந்தான் பிளாஸ்டிக் மாவெலைன்னு தெரிஞ்சுது. இருந்தாலும் நம்மாளுக ஊடாத்தான் இருக்கோணும்னு ஒரு தைரியம். நீ திருநெல்வேலிப் பக்கமா? பேச்சக் கேட்டாலே தெரியுதே. எனக்குக் கவுந்தப்பாடி, ஈரோட்டுக்கு அக்கட்ட. என்ற மக பிருந்தா இங்க பக்கத்துலதான் இருக்கறா. எந்தத் தெருவா? பக்கத்துத் தெருதான். எல்லா ஊடும் ஒரே செங்கல்லு, ஒரே கூரை, வாசல்ல ஒரே மாதிரி புல்லு. வழி தெரியாமயெல்லாம் இல்ல. சித்த நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்.

கம்ப்யூட்டர மூடி வெச்சுட்டியா? வேலை நேரமா? பரவால்ல. பெரியவங்க வந்தா எந்திரிச்சு வரோணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குது, சந்தோசம். காப்பி வேண்டாம், எனக்குச் சக்கரை வியாதி. வெல்ல மண்டி வெச்சிருந்தவனுக்கு வந்த வியாதியப் பாரு, சிரிக்காத. என்னது, தோசையா? மாவு இருக்குதா? இருந்தா ஒண்ணு ரெண்டு ஊத்து. மத்தியானத்துல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஆனா ஒண்ணு சொல்லிப் போடறேன், மொத்தமாச் சுட்டு அடுக்கி வெச்சுப் போடாத. ஒண்ணொண்ணாக் கொண்டாந்து போடு. ஆறிப்போன தோசைய நான் தொட மாட்டேன். நீ அங்க நின்னு சுடு, நான் இங்க உக்காந்து பேசறேன். இந்த ஊர்லதான் சமையக்கட்டுக்குச் செவுரே இல்லியே.

போனு இருக்குதம்மிணி. இந்தா, சட்டைப் பையிலதான் இருக்குது. நானாக் கூப்பிட மாட்டேன். அவிகளாக் கூப்பிடட்டும். கோவிச்சுட்டு வந்தவன் தானே போனப் போட்டு 'வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னா என்ன மருவாதி இருக்குது?

கோவம் எதுக்குன்னா, ஞாயித்துக்கெழமை எங்க ரெண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட்டு. வந்து ஆறு மாசம் ஆகப் போகுது. பேரன் பொறந்து, தலை நின்னு, குப்புற விழுந்தும் ஆச்சு. பொட்டி கட்டியாச்சு. என்ற பொட்டிய. அவ பொட்டிய ஏன் இன்னும் கட்டலைன்னு இன்னைக்கு மத்தியானம் கேக்கறேன், எங்கூட்டுக்காரி சொல்றா, 'நீங்க போயிட்டு வாங்க. நான் வரலைங்க'ன்னு. சத்தம் போட்டுச் சொன்னாளா, அழுதுட்டுச் சொன்னாளா? ஒண்ணுங் கெடையாது. மொளகாய்க்குக் காம்பு கிள்ளிட்டே சொன்னா, பாலுக்காரன் இன்னைக்கு வரலைன்னு சொல்றாப்பல. மாப்பிள்ளை அவளுக்கு மட்டும் இன்னும் ஆறு மாசம் தங்கறதுக்கு எப்பவோ எழுதிப் போட்டுட்டாராமா. ஊட்ல எல்லாத்துக்கும் தெரியும். பக்கத்தூட்டு மெக்சிகோக்காரிக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அதான் செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிட்டேன். தேடட்டும். ஆளக் காணோம்னு சித்த நேரம் தெருத்தெருவா அலைஞ்சாத்தான் புத்தி வரும். அழுதுட்டு வருவா பாரு, வந்து 'பொட்டியக் கட்டறேங்க'ன்னு சொல்லுவா. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேருமா பிளேன் ஏறிருவோம்.

எல்லாம் அந்த என்சிலாடா பண்ணின வேலை அம்மிணி.

ஆமா, அதேதான். ஓட்டல்ல நீ தின்னிருப்பே. மக ஊட்ல அத அவிகளே பண்றாங்க. வாரத்துக்கு ரெண்டு மொறை. பேரக் கேட்டா ஏதோ மாத்திரை பேராட்ட இருக்குது.

ம், தோசை நல்லா முறுகலா வந்திருக்குது. அடுத்தத ஊத்து.

எங்கூட்டுக்காரி பேரு சம்பூர்ணம். கண்ணாலமான நாள்ல இருந்து எங்கூட்ல ராத்திரிக்குத் தோசைதான். மண்டியில இருந்து வந்து கைகால் கழுவி நான் உக்காந்தன்னா, முதல் தோசை வந்து விழுகும். அதத் தின்னு முடிக்கறதுக்குள்ள அடுத்தது. நான் வாயத் தொறந்து கேக்கறதே கெடையாது. வட்டல் ஓரத்துல ஒரு விரலால டொக்குன்னு தட்டுவேன். இந்தா இப்படி. பாத்தியா, நீயே திரும்பிட்டே! அவ்வளவுதான் விசயம். உள்ள இருந்து தோசை வந்துரும். நான் முடிச்சு, மக முடிச்சு, ஊட்டுக்கு வந்த ஒரம்பரை யாராச்சும் இருந்தா அவிகளும் முடிச்சு, அப்பறம் அவ சாப்பிடுவா. எங்க உக்காந்து சாப்பிடுவாளா? அது எனக்கெப்படித் தெரியும்? உள்ளதான் எங்கியாச்சும். நான் அதுக்குள்ள நியூஸ் பாக்கப் போயிருவேன்.

ஒரு நாளு மொகஞ் சுளிச்சதில்ல. அப்பேர்ப்பட்ட பொம்பளை அது.

வைகாசில இங்க வந்தோம். வந்த ஒரு வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது ஊடு இல்ல, கூண்டுன்னு. வாசக்கதவத் தொறந்தா செவுத்துல மாட்டின பொட்டியில இருந்து ஒரு பொம்பளைக் கொரலு இங்கிலீசுல கத்துது, கதவு தொறந்திருக்குதுன்னு. நான் வெளிய போறத ஊருக்கெல்லாஞ் சொல்லோணுமா? வெளிய போயித்தான் என்ன பண்றது? ஒரு டீக்கடை இல்ல, ஒரு பேப்பர் இல்ல, 'என்னுங்க, சௌக்கியமா'ன்னு கேக்க ஒரு நாதி இல்ல. மாப்பிள்ளை வண்டிய எடுத்தாத்தான் கோயிலு. மவராசி மக மனசு வெச்சாத்தான் கடை. செரைக்கறதுக்கு ஒரு பிளேடு வேணும்னாலும் இன்னொருத்தர் மொகத்தப் பாத்து நிக்கோணும். கையில காசு இருந்தும் பிரயோசனமில்ல. காலையில எந்திரிச்சு, அவிகவிக வேலைக்குப் போறதப் பாத்துட்டு, பொழுதோட அவிக வர்றதப் பாத்துட்டு, நடுவால நாலு செவுத்துக்குள்ள கெடக்கறது. நீ சொல்லு, மனுசனாப் பொறந்தவன் இப்படி ஒரு பொழப்பப் பொழைப்பானா?

இத அப்படியே எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். 'சம்பூர்ணம், வேற ஒருத்தர் சௌரியத்துக்குக் காத்துக் கெடக்கற பொழப்பு எத்தனை கஷ்டம்னு உனக்குத் தெரியாது'ன்னு சொன்னேன். அவ 'அப்படிங்களா'ன்னு கேட்டுப்போட்டு என்னையவே சித்த நேரம் பாத்துட்டு நின்னா. அவளுக்கு அதெல்லாம் எங்க புரியும்?

அந்த நேரத்துலதான் பக்கத்தூட்டுக்காரி வந்தா. ஒஃபேலியான்னு பேரு. புருசன் இல்ல, பெரிய உடம்பு, காதுல பெரிய வளையம், சிரிச்சா அடுத்த தெருவுக்குக் கேக்கும். பிள்ளை பொறந்த ஊடுன்னு ஒரு கண்ணாடித் தட்டத்துல ஏதோ பண்ணி, மேல மூடிக் கொண்டாந்து குடுத்தா. வெறும் தட்டத்தத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரி அதுல வெல்லம் போட்டுக் கொஞ்சம் கச்சாயம் சுட்டுப் போட்டுக் குடுத்தா. நம்ம பழக்கம் அது. அங்கதான் தப்பு நடந்து போச்சு. கச்சாயத்தத் தின்னவ அடுத்த நாளே தட்டத்துல வேறொண்ண வெச்சுக் கொண்டாந்துட்டா. அதுக்கு இவ மறுபடியும் ஒண்ணு சுட்டுக் குடுத்தா. தட்டம் அங்க போறதும் இங்க வர்றதுமாவே ஆயிப்போச்சு. ஒரு நாளாச்சும் வெறுந் தட்டமாக் குடுத்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும் கதை.

இவளுக்கு இங்கிலீசு தெரியாது. அவளுக்கும் இங்கிலீசு அரைகொறைதான். அவ பேசறது ஸ்பானிசு, இவ பேசறது கவுந்தப்பாடித் தமிழு. என்னதான் பேசுவாளுகளோ, மணிக்கணக்காப் பேசுவாளுக. நான் அக்கட்டச் சோபாவுல உக்காந்திருக்கறேன், எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ரெண்டு பேரும் வயித்தப் புடிச்சுட்டுச் சிரிக்கறாளுக. எங்கூட்டுக்காரிக்கு எடது பக்கம் மேல ஒரு பல்லு இல்ல அம்மிணி. அது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். எப்ப விழுந்துச்சுன்னு கேட்டேன். 'அது ஆச்சுங்க, பிருந்தா காலேஜ் போறப்பவே'ன்னு சொல்றா. எங்கிட்டச் சொல்லவே இல்ல பாரு, அத்தனை அழுத்தம்.

இன்னொண்ணு ஊத்து. எண்ணெய் சித்த எச்சா உடு.

என்சிலாடா எப்படிப் பண்றதுன்னு என்னையக் கேளு, நான் சொல்லுவேன். வேண்டா வெறுப்பாப் பாத்துப் பாத்தே மனப்பாடம் ஆயிப்போச்சு. உள்ளங்கை அகலத்துல கறுப்பா ஒரு வரமொளகா விக்குது. காரமே இல்லாத மொளகா. அத வெறுஞ் சட்டியில வாட்டி, வெதைய எடுத்துப் போட்டுச் சுடுதண்ணியில ஊற வெக்கோணும். மொத மொறை எங்கூட்டுக்காரி ஊற வெக்காம, நம்மூரு மொளகாயப் போட்டு, அதுக்கு மேல மல்லியும் சோம்பும் வறுத்து அரைச்சுட்டா. அப்பறமென்ன, கோழிக்கொழம்பு வாசம்தான் வந்துச்சு. ஒஃபேலியா ஒரு வாய் வெச்சுப்போட்டுக் கண்ணுல தண்ணியா ஊத்துது, ஆனாலும் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு கையக் காட்டறா. அப்பறம் அவளே பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா. ஊறின மொளகாயோட வெங்காயம், பூண்டு, தக்காளி, துளி சீரகம் சேத்து நைசா அரைச்சுச் சாறாச் சுண்ட விடறது. கோழிய வேக வெச்சு நார் நாராப் பிச்சு வெக்கறது. மக்காச்சோள ரொட்டி ஒண்ணு இருக்குது, நம்மூர்ல கோழிக்குப் போடற மக்காச்சோளந்தான், இங்க மனுசனுக்குப் போடறான். அத அப்படியே சுருட்டினா நடுவால வெடிச்சுரும். சூடான எண்ணெயில சும்மா ஒரு முக்கு முக்கி எடுத்தாத்தான் வளையும். எடுத்து அந்தச் சாத்துல பொரட்டி, உள்ள கோழிய வெச்சுப் பாயாட்டச் சுருட்டி, வாய் கீழ போறாப்பல தட்டத்துல நெருக்கமா அடுக்கோணும். மேல மிச்சச் சாத்த ஊத்தி, சீஸைத் துருவிப் போட்டு ஓவனுக்குள்ள தள்ளிக் கதவச் சாத்தறது. அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' இருக்குது பாரு, அதுதான் எங்குடியக் கெடுத்துச்சு. கதவச் சாத்தினதுக்கப்பறம் ஒருத்தரும் நிக்க வேண்டாம். அது உள்ள தானா வேகுது. எங்கூட்டுக்காரி கையக் கழுவிப்போட்டு, முந்தானையில தொடைச்சுட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம மொத நாளு முழிச்சுட்டு நின்னா. அந்த ஒஃபேலியாதான் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, இவ தோளப் புடிச்சு அமுத்தி உக்கார வெச்சா.

அன்னைக்குச் சாயந்தரம் தட்டத்த எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு நடுவால வெச்சாங்க. சுத்தியும் பிருந்தா, மாப்பிள்ளை, அந்த ஒஃபேலியா, நான். எனக்கு எதுத்தாப்பல சம்பூர்ணம். சரி, என்னைக்கோ ஒரு நாளு, போனாப் போகுதுன்னு நானும் உட்டுட்டேன். ஒரு என்சிலாடா தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விசயம். முடிச்சுப் போட்டு வட்டல் ஓரத்துல தட்டினேன்.

அவ எந்திரிக்கல.

கேக்கலியோன்னு மறுபடியும் தட்டினேன். அவ வாயில இருந்தத மென்னு முழுங்கிப்போட்டு, 'நடுவாலதானுங்க இருக்குது, எடுத்துக்கோங்க'ன்னு சொல்றா. மாப்பிள்ளை முன்னால, வெளியூர்ப் பொம்பளை முன்னால! மக தலையக் குனிஞ்சுட்டா. சிரிப்ப அடக்கறாளோ என்னமோ. நானே எந்திரிச்சு, கைய நீட்டி, கரண்டியில எடுத்துப் போட்டேன். சாறு வேட்டியில சிந்திப் போச்சு. அந்தக் கறை இன்னும் போகல. இவ அதப் பாத்துப்போட்டும் சாவகாசமாச் சாப்பிட்டா. இத்தனை நாளு குடும்பம் பண்ணியிருக்கறேன், அவ சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. பொறுமையா, ருசிச்சு, கண்ண மூடிட்டு, சூடாச் சாப்பிடறா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு.

அன்னைக்கு இருந்து புடிச்சுட்டா. எண்ணி ரெண்டு நாளுக்கொருக்க ஓவன்ல எதையாச்சும் தள்ளிப் போடறது, எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடறது. நானும் பாத்தேன். புரட்டாசி வரட்டும்னு இருந்தேன். புரட்டாசி மாசம் எங்கூட்ல கவுச்சி கெடையாது. 'கோழி இல்லாம என்னத்தச் சுருட்டுவே?'ன்னு கேட்டேன். அவ அசரல அம்மிணி! மஞ்சப் பூசணியையும் கறுப்புப் பயிறையும் வேக வெச்சுச் சுருட்டித் தள்ளிப்போட்டா. அந்த மாசம் பூராவும் பூசணி. சனிக்கெழமை தளியல் போட்டுப் பெருமாளுக்குப் படைக்கறப்ப அதையும் ஓரமா ஒண்ணு வெச்சிருக்கறா. பெருமாளும் தின்னுட்டுச் சும்மாதான் இருந்தாரு.

நீ ஏனம்மிணி அப்படிச் சிரிக்கற? அட, சொன்னாச் சிரிப்பாத்தான் இருக்கும். படறவனுக்குத்தான் தெரியும்.

இன்னைக்கு மத்தியானம் அவ வரலைன்னு சொன்னதும் பொறுமையாத்தான் கேட்டேன். 'ஏன் வர மாட்டே? அங்க உனக்கு என்ன கொறை?' கொறை ஒண்ணுமில்லீங்கறா. 'நான் அடிச்சனா, திட்டினனா? நகை நட்டு பண்ணிப் போடலியா?' அதெல்லாம் இல்லீங்கறா. 'அப்பறம் என்னதான் காரணம், பேரனா?' பேரனும்தான்னு சொல்லிப்போட்டு, மொளகாயக் கீழ வெச்சுட்டுச் சொல்றா, 'இங்க நான் உக்காந்து சாப்பிடறேங்க.'

கேட்டியா? உக்காந்து சாப்பிடறாளாமா! இதெல்லாம் ஒரு காரணமா? அங்க எங்கூட்ல நாற்காலி இல்லியா? தேக்குல மேசை பண்ணிப் போட்டிருக்கறேன், ஆறு பேரு உக்காரலாம். யாரு இவள உக்கார வேண்டாம்னு சொன்னா? ஒரு நாளாச்சும் நான் சொல்லியிருப்பனா, 'சம்பூர்ணம், நீ உக்காராதே'ன்னு? சத்தியமாச் சொன்னதில்ல. அவளா நின்னா. அவளா நின்னுப்போட்டு இப்ப எந்தலையில பழியத் தூக்கிப் போடறா.

அதெல்லாம் போகட்டும். இந்தப் போனக் கொஞ்சம் பாரேன். சத்தமெல்லாம் வெச்சுத்தான் இருக்குதா? நல்லாப் பாரு, கை பட்டு எதாச்சும் அமுங்கியிருக்கும். சரியா இருக்குதா? ஒருக்கக்கூட வரலியா? அப்ப இங்க டவர் இல்லாம இருக்கும். டவரும் இருக்குதா. ம்.

வெளிய இருட்டிப் போச்சே.

உங்கிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்குப் பயமா இருக்குதம்மிணி. இங்க இருந்தா இந்தக் கூண்டுக்குள்ள கெடந்து செத்துப் போவேன். அங்க போனா அத்தாச்சோடு பெரிய ஊட்ல நான் ஒத்தையில என்ன பண்ணுவேன்? எந்திரிச்சா ஒரு சத்தம் இருக்காது. அவ உள்ள பாத்திரத்த உருட்டற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி. அவ இல்லாம நான் ஒரு நாளும் இருந்ததில்ல. இத அவகிட்டச் சொல்ல வருதா பாரு, வர மாட்டேங்குது. வாயத் தொறந்தா அதிகாரந்தான் வருது.

இரு இரு, அடிக்குது! அடிக்குது பாரு. நாந்தான் சொன்னனே. நீயே எடுத்து ஸ்பீக்கர்ல போடு, எங்கை பிசுக்கா இருக்குது. அழுதான்னா நீயும் கேளு.

'ஆமா பிருந்தா, அப்பாதான். நான் எங்க இருக்கறன்னு உங்களுக்கு... என்னது? தெரியுமா? எப்படித் தெரியும்? மேப்புலயா? நான் போற எடமெல்லாம் புள்ளியாத் தெரியுதா? எப்ப இருந்து? வந்ததுல இருந்தேவா? அப்ப ஏன் யாரும் வரல? சரி, சரி. இங்க நம்மாளுக ஊட்லதான் இருக்கறேன், நல்ல பொண்ணு, தோசை ஊத்திக் குடுத்துச்சு. நீ எப்ப வர்றே? சாப்பிட்டுட்டா? எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கறீங்களா? அம்மா? அம்மாவுமா? அவளக் குடு. பரவால்ல, வாயில இருந்தாலும் குடு.

'சம்பூர்ணம். சொல்றதக் கேளு. நான் என்ன சொல்றன்னா, நீ பொட்டியக் கட்டு. முழுசாக் கேளு. ஞாயித்துக்கெழமை நான் மட்டும் போயி எறங்கினா ஊரு என்ன சொல்லும்? சரி, ஊர உடு. அங்க எனக்கு யாரு தோசை ஊத்துவா, அதச் சொல்லு.'

கேட்டியா அம்மிணி? நீயுந்தானே கேட்டே, என்ன பதில் சொன்னான்னு? கோவமில்ல, ஒண்ணுமில்ல, கொழந்தைக்குச் சொல்றாப்பலச் சொல்றா. மாவு மேட்டுக்கடையில விக்கறாங்களாமா. தோசைக்கல்லு, அடுப்புக்குக் கீழ எடது பக்கம், பழைய துணி சுத்தி வெச்சிருக்குதாமா. மொதத் தோசை ஒட்டத்தான் செய்யுமாமா, வெங்காயத்த வெட்டித் தேய்ச்சாச் சரியாப் போயிருமாமா. சொல்லிப்போட்டு வெச்சுட்டா. சாப்பாடு ஆறிப் போகுதாமா அவளுக்கு.

நான் கட்டின ஊடு அது. செங்கல் செங்கல்லா நின்னு பாத்துக் கட்டினேன். அந்த ஊட்ல தோசைக்கல்லு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா நீ சொல்லு, படிச்ச பொண்ணு நீ, ஞாயஞ் சொல்லு. அதையெல்லாம் ஒரு ஆம்பளை எதுக்குத் தெரிஞ்சு வெச்சிருக்கோணும்?

ஏனம்மிணி, அடுப்ப ஏன் அமத்திட்டே?